மாத்தளையில் ஒரு புதுக் குடித்தனம்

திருக்குறளுக்கு அதிகாரங்கள் 133. கடவுள் வாழ்த்தில் தொடங்கி, துறவு, அரசு, அமைச்சு, அரண், படை என உலகத்துப் பெருஞ் செய்திகளையெல்லாம் சொல்லிவந்த வள்ளுவர், நூலை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் தெரியுமா? 'ஊடலுவகை' என்னும் அதிகாரத்தில். கணவனும் மனைவியும் சிறுபொழுது பிணங்கிப் பின் கூடி மகிழ்வதைச் சொல்லிவிட்டுப் புலவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுகிறார். வகுப்பில் இதனைக் கூறும்போது மாணவர் நகைப்பர். மாணவியர் புத்தகத்தைக் கூர்ந்து பார்ப்பதுபோற் பாவனை செய்வர்.

இருபதாண்டுகட்கு மேலாக இவ்வதிகாரத்தைப் படிப்பித்து வருகிறோம். தொடக்கத்தில் அதன் பொருள் எமக்கு உரையாசிரியர்கள் வாயிலாகவே தெரிந்திருந்தது. மாத்தளை நகரில் சுது கங்கைக்கு அணித்தாய் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம் வைத்த பின்னரே, உரையாசிரியர்கள் கூறாது விட்டவை பல உள என்பது விளங்கிற்று.

பத்திரிகையில் எழுதுவோர் ஒருவராயிருந்தும் தம்மை 'நாம்' என்று குறிப்பது பழைய வழக்கம். இக்கட்டுரையில் வரும் 'நாம்' அவ்வழக்கின்பாற்பட்டதே. ஆயினும் அதில் ஒரு பாதி எம் இல்லாளுக்கு உரியது. எழுதியதைப் படித்துப் பார்த்து அவள் மூன்று இடங்களில் ஆட்சேபித்தாள். அவற்றுள் இரண்டு நியாயமானவை; திருத்திவிட்டோம். மூன்றாவதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

நாம் பிறந்தது யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில். நெடுங்காலம் மூடிக்கிடந்த ஏ-9 நெடுஞ்சாலை 2002 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட, அடுத்த ஆண்டே ஆசிரிய நியமனக் கடிதத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவ்வீதி வழியே தெற்கு நோக்கி வந்தோம். கண்டியை அடைவதற்குப் பதினாறு மைல் முன்னே அவ்வீதியில் இருப்பது மாத்தளை. தம்புள்ளை வரை வெயிலில் வெந்துவந்த பஸ், நாலந்தாவைக் கடந்ததும் மலைகளுக்கிடையே புகுந்தது. பலாபத்வெலப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் சாதிக்காய் மரமும் வீதியோரம் நிழல் செய்தன. பனையும் தென்னையுமே உயரம் என்று எண்ணியிருந்த எமக்கு, நகரின் கிழக்கே முகிலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கண்டதும் கழுத்து நோவெடுத்தது.

எம் இல்லாள் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, கொழுந்தெடுத்த தாயின் உழைப்பாற் படித்து, ஆரம்பப் பாடசாலை ஆசிரியையானவள். அவளுடைய முன்னோர் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தவர்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் அவ்வழியில் மாண்டவர் எண்ணிறந்தோர். தப்பிப் பிழைத்து மலையடிவாரம் சேர்ந்தவர்களுக்கு மாத்தளை ஓர் இளைப்பாறும் ஊர். ஆக, நாம் இருவரும் வடக்கேயிருந்து காடு கடந்து இவ்வூருக்கு வந்தவர்களே. ஒருவர் பஸ்ஸில் வந்தார், மற்றவர் பாட்டன் பூட்டன் காலால் வந்தார் என்பதே வேறுபாடு.

அவ்வாறு வந்தோர் மரத்தடியில் வைத்து வணங்கிய தெய்வமே இன்று 108 அடி உயர இராஜகோபுரத்தோடு நகரின் நடுவே விளங்கும் முத்துமாரியம்மன். 1852 இல் கோயிலுக்கென வயல் நிலம் நன்கொடையாகக் கிடைத்தது. 1874 இல் கோயில் எழுந்தது. 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் அது தீக்கிரையாகிப் பின்னர் மீண்டெழுந்த கதையை மாத்தளையில் யாரும் இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அக்கோயிலிலேதான் 2005 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது திருமணம் நடந்தது. மணமகள் பக்கத்தார் தோட்டத்திலிருந்து இரண்டு லொறிகளில் வந்து இறங்கினர். மணமகன் பக்கத்தில் எமது தமையனார் ஒருவரே இருந்தார்.

அன்னையார் வரவில்லை. "எனக்குக் கால் ஏலாது தம்பி, நீங்கள் நடத்துங்கோ" என்று சொல்லிவிட்டார். அன்னையாருக்குக் கால் நோவு உண்மைதான். ஆனால் அதே மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு அந்தக் கால் தடையாகவில்லை என்பதைத் தமையனார் எமக்குச் சொல்லாமல் மறைக்கப் பார்த்து, பந்தியில் பாயசம் உண்ணும்போது மறந்து சொல்லிவிட்டார். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளுக்கும் எண்ணிக்கை போட்டுப் பங்கிடப்பட்ட மக்களின் பெண் எம் இல்லாள். அவளுடைய அப்பாயிக்குப் பிரஜாவுரிமை கைக்கு வந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. அரசாங்கம் தந்த அவ்வுரிமையை எமது ஊர் தருவதற்கு இன்னும் சிறிது காலம் தேவைப்பட்டது.

அது கிடக்க. புதுக் குடித்தனத்தின் முதற் சண்டை இலக்கணச் சண்டையாயிற்று. யாழ்ப்பாணத்தார் மனைவியை 'நீர்' என்று மரியாதையாக விளிப்பர். 'இஞ்சாரும்' என்று கூப்பிடுவர். நாமும் முதல்நாட் காலையில், "இஞ்சாரும், நீர் தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?" என்றோம். அவள் நெடுநேரம் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "என்னாங்க, நாம என்ன காமன் கூத்தா ஆடுறோம்? நீர், குடித்தீர்னா யாருக்கோ வசனம் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். 'நீ' என்பது எம் வாயில் வரவில்லை. 'நீங்க' என்றால் அவளுக்குக் கூச்சம். ஒருவாரம் வரையில் முன்னிலைப் பெயரே இல்லாமற் பேசிக்கொண்டோம். தமிழாசிரியர் வீட்டில் முன்னிலைக்குப் பஞ்சம் வந்த கதை கல்லூரி ஆசிரியர் அறைவரைக்கும் போயிற்று. இன்றுவரை 'நீர்' தான். அவள் பழகிக்கொண்டாள். (இது ஆட்சேபிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று: தான் பழகிக்கொள்ளவில்லை, பொறுத்துக்கொண்டிருப்பதாகத் திருத்துமாறு கூறுகிறாள்.)

அந்த வீட்டில் அவளுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது திறப்பு. லயத்தில் வரிசையாய் அறைகளும் பொது விறாந்தையுமாக வளர்ந்தவளுக்குத் தன் கையில் ஒரு வாயிற்கதவின் திறப்பு இருப்பது பெரும் பேறாகத் தோன்றிற்று. ஆனால் வீட்டுக்குத் திறப்பு ஒன்றுதான். அவளோ அதை ஒருபோதும் கைவிடமாட்டாள். ஆதலால் அவளுக்கு முன் நாம் வீடு திரும்பினால் படியில் அமர்ந்திருக்க வேண்டியதே. முன்வீட்டில் இருந்த சிங்கள மூதாட்டியாகிய வீட்டுக்காரர் ஆச்சி அம்மா எமது நிலை கண்டு இரங்கி, கித்துள் கருப்பட்டித் துண்டும் வெறுந்தேநீரும் கொண்டுவந்து வைப்பார். எமக்குச் சிங்களம் வராது. அவருக்குத் தமிழ் வராது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு இருவரும் சிரித்துக்கொண்டிருப்போம். இரண்டாவது திறப்பொன்றை வெட்டுவித்தால் என்ன என்று வாசகர் வினவலாம். கருப்பட்டி நின்றுவிடும் என்பதே காரணம்.

சம்பளத் திகதி எமக்குத் திருவிழா. மாலையில் இருவரும் திருகோணமலை வீதி வழியே நடப்போம். ஒரு கடையில் கொத்து ரொட்டி. தகட்டின்மேல் இரண்டு கரண்டிகள் தாளம் போடுவதை அரை வீதிக்கு அப்பாலிருந்தே அவள் கேட்டுவிடுவாள். ஒரு கொத்தைச் சொல்லி இரண்டு தட்டிற் பங்கிடுவது வழக்கம். இருவருக்கும் பசி அதிகமான நாளிலும் ஒன்றுதான், ஏனெனில் மாதம் முப்பது நாள். பின்னர்ப் படம். ஒரு முறை கதாநாயகன் காதலியின் முன் முழங்காலிட்டு வாயைத் திறந்த தறுவாயில் மின்சாரம் நின்றது. சபையோர் தாமே வசனத்தைச் சொல்லத் தொடங்கினர். அரைமணி நேரத்தில் பத்துப் பதினைந்து வகைக் காதல் மொழிகள் கேட்டோம். மின்சாரம் வந்தபின் நாயகன் சொன்னது அவற்றுள் எதற்கும் ஈடாகவில்லை. வெளியே வந்தால் மழை. மாத்தளை மழைக்கு ஒரு குடை போதாது என்பதும், இருவருக்கு ஒரு குடை இருந்தால் இரண்டு தோள்கள் நனையும் என்பதும் அன்று அறிந்த உண்மைகள்.

குடை என்றதும் ரிவர்ஸ்டன் நினைவு வருகிறது. ரத்தோட்டையைத் தாண்டி மேலே ஏறினால் வரும் அவ்விடத்தில் வீசும் காற்றைப் பற்றி ஊரார் முன்னமே எச்சரித்திருந்தனர். திருமணப் பரிசாக வந்த அக்குடையை அங்கே விரித்தோம். விரித்த அக்கணமே அது மேல் நோக்கி மலர்ந்து தாமரையாயிற்று. அவள் சிரித்த சிரிப்பை அக்காற்று எங்கே கொண்டுபோய்ப் போட்டதோ.

இனிப் பொங்கலுக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் எமக்குத் தலைப்பொங்கல். அதற்கு நான்கு நாள் முன்னே ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு பொதியைத் தந்தார். உள்ளே பனங்கட்டிக் குட்டான்கள். பனையோலையிற் சின்னஞ்சிறு பெட்டியாக இழைத்து அதனுள் பனங்கட்டியை வார்த்திருப்பார்கள் அல்லவா, அவை. அன்னையார் கைப்படக் கட்டிய பொதி. மேலே எமது பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவள் அதனைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குட்டான்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஓலையைக்கூட எறியாமல் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு பெரும் விவாதம். சர்க்கரைப் பொங்கலுக்குப் பனங்கட்டியா, கித்துள் கருப்பட்டியா? கித்துளின் மணம் மலைநாட்டாருக்குத் தாய்ப்பால் போன்றது. பனங்கட்டிப் பொங்கல் கறுத்துப் போகும் என்று அவள் கூற, கித்துள் போட்டால் அது பொங்கலன்று, சிங்களப் பலகாரம் என்று நாம் கூற, சுவரைப் பார்த்துப் படுத்தோம். விடியற்காலையில் எழுந்து பார்க்கையில் அவள் பனங்கட்டியை இடித்துக்கொண்டிருந்தாள். "அத்தை அனுப்பினது இல்லையா" என்றாள். ஆச்சி அம்மா தம் முற்றத்தைப் பெருக்கி அடுப்புக்கு இடந்தந்து, தாமும் அருகே நின்றார். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்களும் பால் பொங்க வைப்பவர்கள் ஆதலால், விறகு வைக்கும் விதம் பற்றி அவருக்கு உறுதியான கருத்துக்கள் இருந்தன. பால் கிழக்கே பொங்கி வழியவேண்டும் என்று மூவரும் காத்திருக்க, அது மேற்கே வழிந்து ஆச்சி அம்மாவின் செவ்வரத்தைச் செடியை நனைத்தது. செடிக்கும் பொங்கல் வேண்டாமா என்று அவர் சிங்களத்தில் சொன்னதாக இல்லாள் மொழிபெயர்த்தாள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது. கடிதம் தாமதித்தது, தொலைபேசி கிடைத்தபோது கிடைத்தது. கப்பலில் வரலாம் என்றனர். கால் ஏலாதவருக்குக் கப்பல் எங்கே?

அவ்வாண்டு தீபாவளிக்கு அன்னையாரோடு தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும், இல்லாள் துணிந்து கருவியை வாங்கிக்கொண்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அன்போடு சொன்னாள்: "அத்தை, உங்ககிட்ட பேசணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மறுமுனையில் அமைதி. பின்னர் அன்னையாரின் குரல் எமக்கே கேட்கும்படி உயர்ந்தது: "என்னைப் பேசுறதுக்கு நான் உனக்கு என்ன பிள்ளை செய்தனான்?"

தொடர்பு அறுந்தது, வானிலையோ அன்னையாரோ அறியோம். வாசகர்களில் யாழ்ப்பாணத்தார் இந்நேரம் நகைத்திருப்பர். மற்றையோர்க்காகச் சொல்கிறோம்: எமது ஊரில் ஒருவரோடு உரையாடுவது 'கதைத்தல்', 'பேசுதல்' என்றால் ஏசுதல், திட்டுதல். மலைநாட்டிலோ பேசுவதே பேசுவது. 'உங்களைத் திட்டவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்' என்று புது மருமகள் தீபாவளி வாழ்த்துக் கூறியதாக எமது அன்னையார் கேட்டுக்கொண்டார். இதனை விளக்க எமக்கு இரண்டு தொலைபேசி அழைப்புக்களும் ஒரு கடிதமும் தேவைப்பட்டன. கடிதத்தில் அகராதியைக்கூட மேற்கோள் காட்டினோம். இல்லாளோ ஒருநாள் முழுதும் அழுதாள். மறுநாள் முழுதும் சிரித்தாள்.

நவம்பரில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "உங்க ஊருப் பக்கம் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம்" என்றாள். தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். வழியில் அளுவிகாரை, வாய்மொழியாய் வழங்கிய பாளித் திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற இடம். அன்றைக்கு இறங்கவில்லை. நாலந்தாவில் இறங்கி, வயலோரமாய் நடந்து கெடிகேயை அடைந்தோம். கல்லாலான சிறு கட்டடம்; பௌத்தர் கோயிலென்பர், ஆனால் கட்டிய முறை தென்னிந்தியச் சிற்பியின் முறை. எந்த மன்னன் கட்டினான் என்பது தெரியவில்லை. போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த இதனைக் கல் கல்லாகப் பெயர்த்து 1980களில் மேட்டில் மீளக் கட்டினர். அவள் கட்டிவந்த எலுமிச்சம்பழச் சாதத்தை நீர்க்கரையில் வைத்து உண்டோம். பிறந்தநாட் கேக்குக்குப் பதிலாக ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு. அன்று கடைசிக் குட்டானும் தீர்ந்தது.

திரும்பி வீதிக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றோம். தெற்கே போகும் பஸ்ஸுக்குரிய தரிப்பிடத்தில் நிற்காமல், எம்மையறியாமலே வீதியின் மறுபுறம் சென்று நின்றிருக்கிறோம். இரண்டு பஸ்கள் எதிர்ப்புறம் போனபின்னரே அதனை உணர்ந்தோம். அவள் முன்னமே கண்டிருக்கிறாள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் எம்மருகே வடக்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

2007 ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பனங்கட்டி இல்லை. பொங்கலுக்கு முதல்நாள் அன்னையாரே அழைத்தார். தமக்குத்தான் ஏதோ சொல்ல இருக்கிறது என்று நாம் கருவியை நீட்டிக்கொண்டிருக்க, "அவவிட்டைக் குடு" என்றார். மருமகளிடம் அவர் சொன்னது நான்கே வாக்கியம். கித்துள் பனங்கட்டியைப்போலன்று, கெதியில் இளகும், ஆதலால் தண்ணீரைக் குறை, பயறை முதலில் வறு, அடியைப் பிடிக்கவிடாதே. கித்துளைக் கண்டறியாத அன்னையார், அதன் குணத்தை யாரிடமோ விசாரித்து அறிந்திருக்கிறார். அவ்வாண்டுப் பால் சரியாகக் கிழக்கே வழிந்தது.

இனிப் பிரஷர் குக்கரின் கதை. அது இல்லாமல் எமது இல்லற வரலாறு நிறைவுறாது.

2007 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் ஓராண்டாகச் சேர்த்த பணத்தோடு கண்டிக்குப் புகையிரதமேறினோம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் இக்கிளைப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. உக்குவளை, வத்தேகம, கட்டுகஸ்தோட்டை என்று ஊர் ஊராய் நின்று, மகாவலியின் மேலான இரும்புப் பாலத்தைத் தடதடவென்று கடந்து போகும். பஸ் இதனிலும் விரைவாகப் போய்விடும் என்பது உண்மை. ஆயினும் பஸ்ஸில் மனைவிக்கு யன்னலோரம் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகமுடியாது.

கண்டியிற் குக்கர் வாங்கினோம். அடிப்பாகம் ஒரு பொதி, மூடி ஒரு பொதி. மாலைப் புகையிரதத்தில் அடிப்பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் முதலிற் சமைக்கவேண்டியது பருப்பா கடலையா என்று வாதித்தபடி மாத்தளையில் இறங்கினோம். மாத்தளை இருப்புப்பாதையின் கடைசி நிலையம். உறங்கிவிட்டாலும் ஊர் தவறாது என்று எமக்கு ஓர் இறுமாப்பு. ஊர் தவறவில்லை. வாயிலைத் தாண்டியபின் பார்த்தால் மூடியைக் காணோம்.

ஓடினோம். மேடையில் ஆட்கள் தூரத்தே ஒதுங்கி நின்றனர். எமது பெட்டியின் வாயிலில் ஒரு பொலிஸ்காரர், உள்ளே நுழையாதபடி கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். வெற்றாசனத்தில், பழுப்புக் கடுதாசி சுற்றி நூலாற் கட்டிய வட்டமான கனத்த பொதி ஒன்று. யாருடையது என்று தெரியவில்லை. நாடு அன்றிருந்த நிலையில் அப்பொதி யாது பொருள்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. எமது சட்டைப்பையில் யாழ்ப்பாணத்து முகவரியோடு கூடிய அடையாள அட்டை. எமக்குத் தெரிந்த சிங்களமோ கருப்பட்டி உண்ணப் போதுமானது மட்டும். கால்கள் நிலத்தில் ஊன்றிவிட்டன. முன்னே சென்று 'அது எம்முடையது' என்று சொல்வதா, பேசாமல் திரும்பி நடப்பதா? அக்கணத்தில் நாம் நினைத்தது திரும்பி நடப்பதையே. இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனால் அதுவே உண்மை.

எம் இல்லாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய்விட்டாள். "ஏக்க அபே மூடிய, மஹத்தயா" என்றாள். எம் கையிலிருந்த அடிப்பாகத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பொலிஸ்காரர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் அடிப்பாகத்தைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார், எமது அடையாள அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின்னர் அவளைக்கொண்டே கட்டை அவிழ்ப்பித்தார். மூடி வெளிவந்தது. அடிப்பாகத்தின்மேல் வைத்துத் திருப்பிப் பூட்டிக் காட்டினாள். எவரோ சிரித்தார், பின் எல்லோரும் சிரித்தனர். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் தந்து, பொருளைக் கவனமாய் வைத்துக்கொள்ளுமாறு கூறி அனுப்பினார். தவறு முற்றிலும் எம்முடையது. வீடுவரையில் ஒருவரோடொருவர் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபின்னரே அவள் கை நடுங்கத் தொடங்கிற்று. அன்றிரவு சமைக்கவில்லை. ஆச்சி அம்மா தந்த பாணும் தேங்காய்ச் சம்பலும் உண்டு படுத்தோம்.

அடுத்த கிழமையே ஆச்சி அம்மாவிடம் சிங்களம் கற்கத் தொடங்கினோம். பழைய கருப்பட்டிப் படிதான் பள்ளிக்கூடம். அந்தக் குக்கர் இன்றும் இருக்கிறது. 2022 இல் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்றபோது அதனை விறகடுப்பில் ஏற்றினோம். அடி கறுத்தது கறுத்ததுதான், தேய்த்தும் போகவில்லை.

2008 இல் மகள் பிறந்தாள். அன்னையார் பேர்த்தியின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டார். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் பாதை படிப்படியாய்ப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2010 மாசி மகத்துக்கு முதல்நாள் விடியற்புறம், வவுனியாவில் பஸ் மாறி, தமையனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அன்னையார் மாத்தளையில் இறங்கினார். அந்தக் காலோடுதான்.

மாசி மகத்தில் மாத்தளை எப்படியிருக்கும் என்பதைக் கண்டவரே அறிவர். ஐந்து தேர்கள், முன்னே பிள்ளையார். சுற்றுத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வெள்ளமென இறங்கும் சனம். தேர் வரும் வீதிகளில் வாசலுக்கு வாசல் நிறைகுடம். தண்ணீர்ப் பந்தலில் ஊற்றுபவரும் குடிப்பவரும் இன்னார் என்ற பேதமில்லை. நல்லூர்த் தேரைத் தவிர வேறு தேரைத் தேரென்று ஒப்புக்கொள்ளாத அன்னையார், வீதியோரம் ஆச்சி அம்மா போட்டுக்கொடுத்த கதிரையில் அமர்ந்து, மடியிற் பேர்த்தியை வைத்துக்கொண்டு, ஒன்றையும் ஒப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் தேர் வந்தபோது கால் ஏலாதவர் எழுந்து நின்றார். விழுந்துவிடாமல் மருமகள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். தேர் வளைவு திரும்பிச் சென்ற பிறகும் பிடியை விடவில்லை, இவரும் விடச்சொல்லவில்லை.

கொண்டுவந்த பொதியை அன்றிரவுதான் அவிழ்த்தார். பனங்கட்டிக் குட்டான்கள். பொதியின் மேற் கடுதாசியில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன, முதலாவது எம்முடையதன்று. எம் இல்லாள் உள்ளே சென்று, 2006 இலிருந்து வைத்திருந்த பழைய குட்டானோலைகளை எடுத்துவந்து காட்டினாள். "இதை ஏன் பிள்ளை வைச்சிருக்கிறாய், பூச்சி பிடிக்குமெல்லே" என்று அன்னையார் கடிந்துகொண்டார். ஆனால் எறியச் சொல்லவில்லை.

பத்து நாட்கள் தங்கிவிட்டுத் திரும்பும்போது அவருடைய பையில் ஆறு கித்துள் கருப்பட்டியும் ஒரு பொட்டலம் மாத்தளை மிளகும் இருந்தன. ஊர் போய்ச் சேர்ந்த மறுவாரம் தொலைபேசி ஒலித்தது. எடுத்தோம். நலம் விசாரிக்கவுமில்லை, மழை எப்படியென்று கேட்கவுமில்லை.

"தம்பி, கருப்பட்டி முடிஞ்சுது. உன்ரை பெஞ்சாதியோடை கொஞ்சம் பேசவேணும், குடு அவவிட்டை" என்றார்.

யாழ்ப்பாணத்துக் காது அல்லவா. ஒரு கணம் எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அவளோ கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "பேசுங்க அத்தை" என்றாள்.